விழாத வாத்துகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. தகர வாத்துகள் தவிர இங்கே அனைவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பென்சிலில் எழுதுகிறேனே என்று பதறாதே, வீட்டிலிருந்த பேனாக்களின் ஸ்பிரிங்கையெல்லாம் உன் அப்பா கழற்றிவிட்டார்.

ஞாயிறுதோறும் அப்பாவும் என் அண்ணனும் வீட்டுப் பின்புறத்தில் ஏர்கன்னால் தகர வாத்துகளைக் குறிபார்த்துச் சுடுவது உனக்குத் தெரியும். குண்டு பட்டால் வாத்து மல்லாக்க விழும், அடியிலுள்ள ஸ்பிரிங் அதைத் திரும்ப நிமிர்த்தும். மழையில் துருவேறி ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக அறுந்துவிட்டன. இனி விழுந்ததை யாராவது நடந்துபோய் நிமிர்த்த வேண்டும், ஆனால் அடுத்தவர் கையில் துப்பாக்கி இருக்கையில் முன்னால் நடக்க இருவருக்கும் மனமில்லை. “நீங்க போங்க மாப்ள” என்று அண்ணன், “பெரியவர் இருக்கும்போது நான் முந்தலாமா மச்சான்” என்று இவர். இந்த மரியாதையிலேயே காலை கழிந்தது. அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. அண்ணி காலமானபின் அவர் வெளியே வருவது இதற்காக மட்டும்தான். கூப்பிட்டால், “சும்மா வந்து என்னம்மா பண்றது” என்கிறார். எனக்கு அதுதான் கவலை.

வாத்து விற்ற கடையில் விசாரித்தேன். ஸ்பிரிங் தனியாக வராதாம், “புது வாத்தே வாங்கிடுங்க மேடம்” என்றார் கடைக்காரர். அதற்குள் அப்பா துணிக் கிளிப்பின் ஸ்பிரிங்கை மாட்டிப் பார்த்தார், வாத்து பாதி எழுந்து, யோசித்து, மறுபடி படுத்துக்கொண்டது. கடைசியில் பின்கதவைத் தானாக மூடவைக்கும் தடித்த ஸ்பிரிங்கைத் துண்டுபோட்டு மாட்டினார். இப்போது கதவு மூடுவதில்லை, பக்கத்து வீட்டுப் பூனை குடிவந்துவிட்டது, வாத்துகள் விறைத்து நிற்கின்றன. அண்ணனுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார். அண்ணன் சுட்டார், டங்கென்று சத்தம், வாத்து அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். விழுந்துவிட்டது என்றார் அண்ணன். எங்கே விழுந்தது என்றார் அப்பா. “விழுந்து எழுந்துடுச்சு மாப்ள, உங்க ஸ்பிரிங் அவ்ளோ வேகம்!” தன் கைவேலையைப் புகழ்ந்தவரிடம் இவர் எப்படி மறுத்துப் பேசுவார்? ஒப்புக்கொண்டார். பிறகு இவர் சுட்ட வாத்துகளும் அதே வேகத்தில் விழுந்து எழத் தொடங்கின.

யாருடையது எத்தனை விழுந்தது என்று ஞாயிறு முழுக்கச் சண்டை. திங்களன்றும் அண்ணன் வந்துவிட்டார், நேற்றைய வாத்து ஒன்றைப் பற்றி இரவு ஏதோ நினைவுக்கு வந்ததாம். பேசிக்கொண்டே சாப்பிட்டார், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இப்போது தினமும் வருகிறார். “நீ படிச்சவ, நீயே சொல்லு” என்று என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

நேற்று தையல் மெஷின் பழுதுபார்ப்பவரிடம் மிகச் சரியான ஸ்பிரிங் கிடைத்தது. யாருமில்லாதபோது ஒன்றை மாட்டி, விரலால் தட்டிப் பார்த்தேன். வாத்து அழகாக விழுந்து, நிதானமாக எழுந்தது. உடனே கழற்றிவிட்டேன்.

வெயிலில் அலையாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு எல்லா நன்மையும் கிடைக்கட்டும். மறக்காதே, அப்பா உன்னிடம் கேட்டால் அந்த ஊரிலும் ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
அம்மா