விழுந்த பிளக்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

நேத்து முதலாளியோட பழைய பிக்கப் வண்டிக்கு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் எல்லாம் புதுசா மாத்தினேன். ஒரு பிளக் கைதவறிக் கீழே விழுந்துச்சு. திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் மாட்டினேன். வண்டி உதறிச்சு. மேஸ்திரி அதைக் கழட்டி, "பீங்கான்ல இவ்வளவு பெரிய விரிசல், கண்ணு எங்கய்யா போச்சு?"ன்னார்.

மூக்குக்கு நேரா நீட்டினப்பவும் எனக்கு விரிசல் தெரியல. அவசரம்னு சிரிச்சு மழுப்பிட்டேன். நீ பயப்படாதே. இப்ப நகத்தால தடவிப் பாத்துத்தான் மாட்டறேன்.

இங்க கண்ணாடி போட்டா, கண்ணு போச்சுன்னு பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிடுவாங்க. சட்டைப்பைக்குள்ள அடங்கற மாதிரி ஒண்ணு அனுப்பு.

உன் கடிதத்தை ரூம்ல பக்கத்துக் கட்டில்காரர்தான் படிச்சுக் காட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் கூச்சப்பட்டு நிறுத்திட்டார். அந்த வரியை மட்டும் மறுபடி எழுது, பெரிய எழுத்துல.