நைனாவுக்குக் கொடுத்த கார்டு

செஞ்சி
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க மலையனூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் நைனாவுக்கு உடம்பு தேவலை, சாப்பாடு இறங்குகிறது, மறதிதான் ஏறிக்கொண்டே போகிறது. போனில் எப்போது பேசினாலும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வதால் சில விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஜெயசுதா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், படித்துவிட்டு உடனே போன் போட்டு அழாதே.

ஆடி அமாவாசையன்று நைனா காணாமல் போனதை உன்னிடம் பாதிதான் சொன்னேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பழைய கண்டக்டர் காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் குளிக்கப் போன நேரத்தில் இறங்கிப் போய், பஸ் ஸ்டாண்டில் மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிவிட்டிருக்கிறார். ஏறியதோடு இல்லை, ஜனங்களிடம் டிக்கெட் டிக்கெட் என்று கை நீட்டியிருக்கிறார். யாரோ ஒருவன் பைத்தியம் என்று பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவரோடு வேலை பார்த்த டிரைவர் பாண்டுரங்கன்தான் மறுநாள் காலையில் மலையனூர் கடைத்தெருவில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவரை அடையாளம் கண்டு கூட்டிவந்தார். இரண்டு காலும் வீங்கிப்போயிருந்தன. அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

இந்த நேரம் பார்த்து நம் அபார்ட்மெண்டில் கீழ் கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எவனோ உள்பக்கத்து பட்டனை அமுக்கி கேட்டைத் திறந்து ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான், அதனால் இனிமேல் உள்ளே வரவும் வெளியே போகவும் கார்டோ சாவியோ காட்டினால்தான் திறக்கும், தீப்பிடித்தால் உடைத்துத் திறக்க ஒரு கண்ணாடிப் பெட்டி தனியாக. காந்தி பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் அஸ்ஃபாக் தம்பிதான் செயலாளர், இரண்டு தினுசும் கொண்டுவந்து மொட்டை மாடியில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்று ரேஷன் கார்டு மாதிரி தட்டையான கார்டு, ஒன்று வளையத்தோடு பொத்தான் அளவு சாவி. விலை மலிவானதை வாங்கினால் எந்தக் கடையிலும் நகல் எடுத்துவிடுவார்கள், நகல் எடுக்க முடியாததாக வாங்குவோம், தொலைந்தால் அந்த நம்பரை மட்டும் அழித்துவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். ஆம்பளைகளெல்லாம் பர்ஸில் வைக்கக் கார்டு என்றார்கள். நாங்கள் பொம்பளைகள் தாலிச் சரட்டில் ஊக்குகளோடு கோத்துக்கொள்ளலாம் என்று சாவியைக் கேட்டோம், கும்மாளமாகத்தான் இருந்தது. கடைசியில் உங்கள் வீட்டில் சாருக்கு எது அம்மா என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், கார்டு என்று சொல்லிவிட்டேன்.

கொடுத்தால் அவர் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே விழுவாரோ. கொடுக்காவிட்டால் மற்றவர்களெல்லாம் காட்டித் திறக்கும்போது இவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுநாள் அஸ்ஃபாக் கடைக்குப் போய், சாருடைய கார்டை மட்டும் மெஷினில் பதியாமல் கொடு தம்பி என்று கேட்டேன். அந்தத் தம்பி, ரூம்ல போட்டு பூட்டறதுக்கு இது எவ்ளவோ தேவலம்மா, நான் யார்கிட்டயும் சொல்லல என்று ஒரு வெற்றுக் கார்டில் தாண்டவராயன் என்று பெயர் ஒட்டிக் கொடுத்தார். நைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, கண்டக்டர் பேட்ஜ் குத்தியிருந்த பையிலேயே அதை வைத்துக்கொண்டார். தினமும் இறங்கிப் போய் கேட்டில் இருக்கும் பூட்டுப் பெட்டியில் காட்டுவார், சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தும். இன்னா மிஷினோ, எப்பப் பாத்தாலும் ரிப்பேரு, டெப்போல எழுதிக் குடுக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறி வருவார். டீ போட்டுக் கொடுப்பேன். அந்தச் சத்தம் மாடிவரை கேட்கும் மோனிகா. கட்டின புருஷனை ஏமாற்றுகிறோமே என்றுதான் இருக்கும்.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை சமையல்கட்டில் இருந்தேன். வருஷா வருஷம் சிங்கவரம் பெருமாளைப் பார்க்க மலையேறுவேன், இந்த வருஷம் இவரை விட்டுவிட்டு ஒரு வாரமும் போகவில்லை. என் பின்னால் வந்து நின்று கார்டை என் கையில் வைத்தார். நீ எங்கியும் போவறதே இல்ல, ஒனக்கு அவனுங்க கார்டு குடுக்கல போலக்குது, இந்தா என்துல தெறந்து சிங்கவரம் போய்ட்டு வா, நான் வூட்ட பாத்துக்கறேன் என்றார். ஜெயசுதாவை வந்து உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினேன். என் சாவி கழுத்திலேயே தொங்குகிறது, ஆனாலும் அவர் கொடுத்த கார்டைத்தான் பெட்டியில் வைத்தேன். சிவப்பு எரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. தினமும் அவர் நிற்கிற இடத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மேலே வந்து திறக்கவில்லை என்றேன். அவர் என் தலையில் கை வைத்து, ஒனக்குமா, சரி வுடு, நாளிக்கி ரெண்டு பேருமா போலாம் என்றார்.

தையில் நீ வரும்போது இரண்டு பக்கமும் நாம் பிடித்துக்கொண்டு அவரை ஒருமுறை மலையனூர் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போவோம், ஜன்னலோரம் வேண்டாம், கண்டக்டர் சீட்டுப் பக்கம் உட்கார வைப்போம். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நைனாவும் நானும் வாழ்த்துகிறோம், குறையில்லாமல் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, போனில் அவர் கார்டைப் பற்றிப் பேசினால், ஆமாம் நைனா, மெஷின்தான் ரிப்பேர் என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
தா. ராஜாம்பாள்