நரம்புக்கும் தசைக்கும் நடுவில்

ஜூலை 12, 1994. செவ்வாய்.
காலையிலிருந்து காற்று, தூறல். தறிக்கு நூல் சுற்றும் வேலை. மதியம் வரை சரி. அப்புறம் கை தூக்க முடியவில்லை. இமை தானாக விழுகிறது. சாயங்காலம் பேச்சு மூக்கால். சோறு மெல்ல முடியாமல் பாதியில் எழுந்துவிட்டேன். மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், என் காதுபடவே: "காலையில நல்லாத்தானுங்க இருக்கறா. வேலைன்னா கண்ணு சொருகிக்குது."
நாசமாய்ப் போக.
என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

ஜூலை 14, வியாழன்.
சோப்பு, சீயக்காய் வாங்கணும்.
என்னைப் பல்லடத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட முடிவாம். "நடிக்கறவளை வெச்சுட்டு என்னடா பண்றது? கொண்டுபோய் உட்டுப்போட்டு வா." அவர் சொன்னது: "சரிங்கம்மா." அந்தச் சரிங்கம்மாவை சாகிற வரை மறக்க மாட்டேன்.
அண்ணன் வந்து சண்டை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றான். ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் கேட்க மாமியாருக்கும் ஆசை. கூட வருகிறாளாம்.

ஜூலை 16, சனி.
கோயமுத்தூர். நரம்பு டாக்டர், வயதான பெண்மணி. மேலேயே பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் விழுந்துவிட்டன. "எல்லாம் பாசாங்குங்க" என்றாள் மாமியார். டாக்டர் ஊசி போட்டார்.
இமை மேலே போனது. முதலில் தெரிந்தது மாமியார் முகம். வாய் திறந்தபடி.
"பாசாங்கா இருந்தா இந்த ஊசிக்குக் கண்ணு தொறக்காதுங்க" என்றார் டாக்டர்.
நரம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இல்லையாம். நடுவில் துளி இடைவெளி. ஒன்றின் முனையிலிருந்து ஒரு ரசாயனம் கசிந்து அடுத்ததில் போய் ஒட்டினால்தான் சேதி சேரும். நரம்பிலிருந்து தசைக்கும் அப்படியே. அது ஒட்டும் இடங்களை என் உடம்பே அழிக்கிறது. ஓய்வில் தசை தேறும், வேலை செய்யச் செய்ய வலு குறையும். அதனால்தான் காலையில் நன்றாக இருந்தேன். ரசாயனம் சீக்கிரம் கரைந்துபோகாமல் ஊசி காக்கிறதாம். இனி தினமும் அதே வேலைக்கு மாத்திரை.
திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். இத்தனை நாள் எங்கே போயிருந்தார்?

ஜூலை 18, திங்கள்.
வெயில். மாத்திரை போட்டு இட்லி மென்று தின்றேன். குரல் திருத்தமாக. மாமியார் தேனாக: "இப்பத்தான் சரியாப் போச்சல்ல அம்மணி. போய்த் தறியைப் பாரு."
மாத்திரையின் வலு இருக்கும்போதே சொல்லிவிட நினைத்தேன். "நடிக்கறவளுக்குத் தறி எதுக்குங்க அத்தை. நீங்களே ஓட்டிக்குங்க."
துணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். நானாகவே. பஸ் ஸ்டாப் வரை அவர் பின்னாலேயே வந்தார். எப்போது வருவாய் என்று கேட்டார்.
பதில் சொல்ல நாக்கில் தெம்பு இருந்தது. சொல்லவில்லை.