மாமாவின் கைப்பொத்தான்கள்

பிப்ரவரி 9

அன்புள்ளவருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று முடித்துவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, இனி எதுவானாலும் எழுது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எழுதுகிறேன். கடிதத்தில் கோபப்பட்டால் அது உங்கள் கைக்கு வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். அந்த வகையில் நல்ல ஏற்பாடுதான்.

மாமா போய், காரியத்துக்கு வந்த நீங்களும் அன்றே பஸ் ஏறியபின், இன்றுதான் அவர் அலமாரியைத் திறந்தேன். சட்டைகளை எடுத்து மடிக்கும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். கீழ் இழுப்பறையை இழுத்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்று சம்பாதித்த மனிதர், சம்பாத்தியத்தில் பாதியை மணிக்கட்டிலும் கழுத்திலுமே மாட்டிக்கொண்டாரோ என்னவோ. முழுக்கைச் சட்டைக்கு மாட்டும் கைப்பொத்தான்கள், டை பின்கள், கல் வைத்த மோதிரங்கள், சங்கிலியோடு ஒரு பாக்கெட் வாட்ச், எதற்கென்றே தெரியாத ஒரு வெள்ளிக் கொக்கி. எல்லாம் பஞ்சு வைத்த டப்பாக்களில். நம் கல்யாண ஆல்பத்தைக்கூட இந்த வீட்டில் யாரும் இப்படிக் காப்பாற்றவில்லை.

விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் அவர் மகன், உங்களைக் கேட்காமல் செய்யக்கூடாது. எது வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்கு என்னையும் வரச்சொல்லி, பக்கவாதத்தில் கை விழுந்த மனிதரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான் சொல்லி, "அப்பாவா, நானா" என்று கேட்டு நீங்கள் கிளம்பிப்போய் நான்கு வருடமாகிறது. இப்போது அவரும் இல்லை. இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி என்ன செய்யப்போகிறேன்? விற்பனை முடிந்ததும் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். நாளெல்லாம் அடுத்தவர் மூக்குக்கு ஃப்ரேமைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதாவது மிச்சம்.

இப்படிக்கு,
இந்த வீட்டு மருமகள்

•

பிப்ரவரி 21

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எனக்கு எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் கொடுத்துவிடு. வருவதை நீயே வைத்துக்கொள். இங்கே லிஃப்ட் பழுதுபார்த்து கிரீஸில் புரளுகிறவனுக்கு டை பின் எதற்கு?

மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. கொஞ்சம் தூக்கிப் போடவேண்டும். பார்த்துக்கொள்.

•

மார்ச் 4

அன்புள்ளவருக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது. உறை கனமாக இருந்ததால் கடிதம் என்று நம்பி, டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் நான்கு தடவை படித்தாகிவிட்டது. தாழ்ப்பாளை மாமா எப்போதோ மாற்றிவிட்டார். ஆனாலும் நீங்கள் அதை ஞாபகம் வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு கூத்து நடந்தது. நல்ல விலை போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பழம்பொருள் கடைக்காரர் முதல் டப்பாவைத் திறந்ததுமே பெருமூச்சு விட்டார்.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

"நான்தான்."

"வருஷக்கணக்கா ஏறின கறுப்பும்மா இது. அதுக்குத்தான் காசே. நீங்க பாட்டுக்குப் புதுசாக்கிக் கொண்டுவந்திருக்கீங்க. புதுசு வேணும்னா ஜனங்க என் கடைக்கு ஏன் வராங்க?"

"அழுக்கைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது" என்றேன்.

"நல்லவேளை, உங்க வீட்டுக்காரர் தப்பிச்சார்" என்றார். தப்பித்து எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.

டை பின்கள் போய்விட்டன. நான் அங்கே இருக்கும்போதே ஒருவர் சாம்பல் முத்து வைத்த பின்னை எடுத்துத் தன் டையில் குத்தி, கண்ணாடி முன் நின்று தாடையைத் தூக்கிப் பார்த்தார். மாமா நிற்பது போலவே இருந்தது. நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள். விலையைக்கூடக் கேட்காமல் தெருவுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து பணத்தைக் கொடுத்தார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

மீதியைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒருமுறை பாருங்கள். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லும் உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பல்பொடிக்காரி

•

மார்ச் 16

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இந்தப் பெயரை எழுதி எத்தனை நாளாகிவிட்டது. நீ இன்னும் யாரையாவது வேலை ஏவிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று, கடைக்காரரைப் பணத்தோடு பின்னால் ஓடவைத்ததிலேயே தெரிகிறது. பல்பொடியைப் படித்துவிட்டு லிஃப்டுக்குள் நின்று தனியாகச் சிரித்தேன். கூட வேலை செய்பவன் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனான்.

படத்தைப் பார்த்தேன். நீ சொன்னபடி ஒருமுறை இல்லை, பலமுறை. சிவப்புக் கல் மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் அப்பா என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவார். மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டார், மோதிரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட அவர் தயாராகிக் கிளம்புவதற்குள் அங்கே மணி அடித்துவிடும். "அவசரப்பட்டு மாட்டினா கோணலா நிக்கும்டா" என்பார்.

அசல் தங்கம், அசல் வெள்ளிதான், முலாம் பூசியதைக் கையால் தொடாத மனிதர். அதனால்தான் கேட்கிறேன். படத்தின் ஓரத்தில் நீலக் கல் வைத்த ஒரு ஜோடி கைப்பொத்தான் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. கல்லும் வெறும் கண்ணாடிதான் போலிருக்கிறது. கடைக்காரர் சிரிப்பதற்குள் குப்பையில் போட்டுவிடு.

அறை பார்ப்பதாக எழுதியிருந்தாயே, பார்த்துவிட்டாயா? அவசரம் ஒன்றும் இல்லையே. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமே கிடையாது. ரேடியோவைப் போட்டுவைத்துக்கொண்டு, யாரோ பேசுகிறார்கள் என்று சமையல் செய்கிறேன்.

உன்,
தப்பித்தவன்

•

மார்ச் 28

அன்புள்ளவருக்கு,

குப்பையில் போடச் சொன்னீர்களே, அது உங்களுடையது.

சினேகிதர் கல்யாண வரவேற்புக்காக நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கினீர்கள். நீலம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒருமுறை மாட்டியதோடு சரி, குளியலறை அலமாரியில் கிடந்தது. போகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போனீர்கள்.

வலது கை விழுந்தபின் மாமாவால் தானே மாட்டிக்கொள்ள முடியவில்லை, தினமும் காலையில் நான்தான் மாட்டிவிடுவேன். நீங்கள் போன மறுவாரம் ஒருநாள் இந்த ஜோடியை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டும்மா."

"மாமா, இது முலாம். உங்களுக்குப் பிடிக்காதே" என்றேன்.

"தெரியும். மாட்டு."

அதன்பிறகு வேறு எதையும் மாட்டவிடவில்லை. தங்கமெல்லாம் பஞ்சில் தூங்கியது. எங்கேயும் வெளியே போகாத மனிதர், காலையில் முழுக்கைச் சட்டை போட்டு, உங்கள் கைப்பொத்தானை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இடது கைக் கட்டைவிரல் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முலாம் அப்படித்தான் போனது. வரச்சொல்லி எழுதட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டேன். "அவனுக்கே தோணணும்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "தபால் வந்துச்சா?" என்பார்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருந்தது, இருக்கிறது. ஆனால் அவருக்கு மாட்டிவிடும் சாக்கில் நானும் தினமும் ஒருமுறை அதைத் தொடுவேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வரியை அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன். அவர் போனபின் காலையில் தொடுவதற்கு எதுவும் இல்லாமல் கை என்னவோபோல் இருக்கிறது.

இப்படிக்கு,
மேஸ்திரி

•

ஏப்ரல் 10

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

அப்பா என்மேல் கோபமாக இருக்கிறார் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் ஜன்னலோரம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிந்து நான் என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொல்ல?

அதை விற்றுவிடாதே. தபாலில் அனுப்பவும் வேண்டாம், தொலைந்துவிடும். அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒரு வாரம் இருப்பேன். உனக்குத் தொந்தரவில்லை என்றால் வீட்டில் தங்குகிறேன். இல்லையென்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் இருக்கிறது.

எப்படி என்று எழுது.

உன்,
தப்பித்தவன்

•

ஏப்ரல் 22

அன்புள்ளவருக்கு,

கைப்பொத்தான்களை நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தொலையாது. "பித்தளைக்கா இவ்வளவு செலவு?" என்று தபால் ஊழியர்கூடக் கேட்டார். கோபப்படாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்று படித்ததும் வீட்டைப் பெருக்க ஆரம்பித்தேன். பரணிலிருந்து உங்கள் தலையணையை இறக்கி வெயிலில் போட்டேன். கடையில் ஒருவருக்கு இடது வலது மாற்றி லென்ஸ் போட்டுத் திட்டு வாங்கினேன். ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் லாட்ஜ் கண்ணில் பட்டது. அதற்கு மேலே உள்ள வரியும் பட்டது. நீங்கள் ஒரு பொருளை வாங்கிக்கொள்ள வருகிறீர்கள். அது இருக்கும் வீட்டில் நானும் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அவருக்காக அழுங்கள். அது உங்களுக்கு வேண்டியிருக்கிறது. அதற்குத் துணையாகத்தான் அதை அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். மற்றதெல்லாம் விற்றாகிவிட்டது, பாக்கெட் வாட்சும் போய்விட்டது. இனி இங்கே வந்து வாங்கிக்கொள்ள மாமாவுடையது என்று எதுவும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

கண்ணாடிக் கடைக்குப் பின்தெருவில் ஓர் அறை பார்த்துவிட்டேன். முன்பணம் கொடுக்கவில்லை, அடுத்த மாதக் கடைசிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இங்கே வருவதா, நான் அங்கே வருவதா என்பதையெல்லாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். போனிலேயே போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சொல்லாமல் வந்து நின்றாலும் ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு மகனாக மட்டும் வருவதானால் வராதீர்கள். என்னைப் பார்க்க வருவதானால், அதை ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். தபால் வந்ததா என்று இந்த வீட்டில் கேட்டது அவர் மட்டும் இல்லை. அவர் வாய்விட்டுக் கேட்டார்.

உங்கள் மனைவி