மதினியின் சந்தேகமும் ஒரு சாம்பல் நிற ராக்கெட்டும்

மதினி,

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், உங்கள் சிலுவைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையில் ஒரு வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பா வைத்திருந்தார். குலுக்கியபோது உள்ளே கிடந்த குண்டு கடகடவென்று உருண்டது. காற்றில் ஒருமுறை பீய்ச்சிப் பார்த்தார். அந்தத் தின்னர் வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன்.

"ஏற்கெனவே இருக்கிறது எனாமல். நீங்க வச்சிருக்கிறது என்ன?"

"எதா இருந்தா என்ன டீச்சர், எல்லாம் ஒண்ணுதான். அடிச்சா செத்த நேரத்துல காஞ்சிரும்."

செத்த நேரத்தில் காய்கிற எதையும் நீங்கள் நம்பியதில்லை. சிலுவையின் பின்புறம், மண்ணை ஒட்டிய இடத்தில் ஒரு பொட்டு மட்டும் அடித்துக் காட்டச் சொன்னேன். அடித்தார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி நட்டுவிட்டுத் திரும்புவதற்குள், போன வருடம் உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், அடித்த நீல எனாமல் பால் ஆடைபோலச் சுருங்கி எழும்பிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒன்றுமில்லை, எரிச்சல்தான் இருந்தது. அதனால் என்ன? இரும்பு தெரியும்வரை சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிப்பூச்சிலிருந்து ஆரம்பிக்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாசனை புடவையில் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த வருடத்தை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் இறந்தபிறகு வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் தனியாகவே காலத்தை ஓட்டினீர்கள். தரம் பார்க்கும் பிரிவில் வேலை. விளக்கு வெளிச்சத்தில் நூலை ஓடவிட்டு, எங்கே தடிப்பு, எங்கே முடிச்சு என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்களாம். பொழுதெல்லாம் குறை தேடினால் மனிதருக்கும் அந்தக் கண்ணே வந்துவிடும்போல. எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தீர்கள், தேங்காயை மூன்று கடைகளில் ஆட்டிப் பார்த்தீர்கள், என் வெஞ்சனத்தை முகர்ந்துவிட்டுத்தான் தட்டில் போட்டுக்கொண்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது உண்டு. ஆனால் முகர்ந்ததை நீங்கள் மறைத்ததில்லை.

"சந்தேகம் வந்தா வாயத் தொறந்து கேட்டுரணும் டீச்சரம்மா. உள்ளயே வச்சிருந்தா அது ஊறிப்போயிரும்" என்பீர்கள்.

ஈஸ்டருக்கு என்று வந்தவர் திரும்பிப் போகவில்லை. மில் வேலையை விட்டுவிட்டேன் என்றீர்கள். ஏன் என்று கேட்டால், "கண்ணு மங்குது" என்றீர்கள். உங்கள் தம்பி அதை நம்பவில்லை. பஸ் டிப்போவில் ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவும்போது என் காதருகே கேட்பார்: "அக்கா எதுக்கு வந்திருக்கு? நத்தம் தோப்புல பங்கு கேக்கப் போகுதா?" எனக்கென்ன தெரியும்? பெட்டியை மாடி அறையில் வைத்துவிட்டு, அதைத் திறந்து துணிகளை அடுக்காமல், தேவையானதை மட்டும் எடுத்து உடுத்திக்கொண்டிருந்தீர்கள். நானும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கு அந்தப் பார்சல் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ராக்கெட் மன்றம் நடத்துகிறவர்கள், சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கு மாதிரி ராக்கெட் செய்யும் பெட்டியை அனுப்பியிருந்தார்கள். அட்டைக் குழாய், தக்கைபோல் லேசான மரத்தில் வெட்டிய இறக்கைகள், பிளாஸ்டிக்கில் கூம்பு மூக்கு. மாற்று மூக்கு ஒன்றும் இருந்தது. ஒட்டி, பெயிண்ட் அடித்து நாம் கொண்டுபோக வேண்டும். மோட்டாரும் ஏவுதளமும் அனுமதியும் அவர்கள் பொறுப்பு. எரியோடு ஊரைத் தாண்டி, கடலை பிடுங்கிய காட்டில் சனிக்கிழமை ஏவுவது. என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒட்டி முடித்தார்கள். பெயிண்ட் வேலையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடிப்பூச்சுக்கென்று கடைக்காரர் கொடுத்த பிரைமரை மாடியில் வைத்து மூக்கின்மேல் அடித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் பிசுபிசுவென்று இளகி, அம்மைத் தழும்புபோலக் குழிகுழியானது. துணி எடுக்க மேலே வந்த நீங்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"யாரு குடுத்தா இந்த டப்பாவ?"

"ரவுண்டு ரோட்டுல ஒரு கடை, மதினி."

"கெளம்பு."

கடையில் அவர் என்னிடம் சொன்னதையே உங்களிடமும் சொன்னார். "எல்லாத்துக்கும் இது ஒண்ணுதாம்மா. இரும்பு, மரம், பிளாஸ்டிக், எதுல வேணாலும் அடிங்க."

"அட்டைல?"

"அடிக்கலாம்."

"தெர்மகோல்ல?"

"தாராளமா."

"அப்ப இதுல அடிச்சுக் காட்டுங்க" என்று, வாசலில் கிடந்த பார்சல் தெர்மகோல் துண்டை எடுத்து அவர்முன் வைத்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். துண்டின் நடுவில் ஓட்டை விழுந்து, அது பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு அவர் உங்களை 'அம்மா' என்று கூப்பிடவில்லை, 'மேடம்' என்றார்.

ஒவ்வொரு டப்பாவாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தீர்கள். ஒட்டுத்தாளின்மேல் ஒட்டுத்தாள் இருந்ததை நகத்தால் கிளப்பிப் பார்த்து ஒதுக்கினீர்கள். கடைசியில் ஒரே கம்பெனியின் பிரைமரும் ஆரஞ்சுப் பெயிண்ட்டும் எடுத்தீர்கள். இரண்டும் எனாமல். வரும் வழியில் ஆட்டோவில் எனக்குச் சொன்னீர்கள்: "எனாமல் சோம்பேறி. மெதுவாக் காயும், ஆனா அடியில இருக்கிறதத் தொந்தரவு பண்ணாது. லேக்கரு அப்படியில்ல, அடியில இருக்கிறதக் கரைச்சுக்கிட்டுத்தான் உக்காரும். லேக்கருக்கு மேல எனாமல் அடிச்சாக்கூடப் பொழச்சுக்கலாம். எனாமலுக்கு மேல லேக்கர் அடிச்ச, அம்புட்டுத்தான்." மில்லில் இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதாம். கேட்காமல் நீங்கள் எதைத்தான் விட்டீர்கள்!

வீணான மூக்கின் உட்புறத்தில் முதலில் சோதித்தீர்கள். இளகவில்லை. மறுநாள் செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தீர்கள். உரியவில்லை. அதன்பிறகுதான் ராக்கெட்டைத் தொட விட்டீர்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நாம் இருவரும் மாடியில் நின்றதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். உடம்பை ஒரு கம்பில் சொருகியும், புது மூக்கைத் தனியே ஒரு குச்சியில் குத்தியும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காயவைத்தோம். புதன்கிழமை மாலை அது.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது நீங்கள் மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். "மேல வந்து பாரு."

உடம்பு முழுதும் சுருங்கிக் கிடந்தது. ஆரஞ்சு நிறம் கோடு கோடாக வெடித்து, அடியில் பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் மூக்கை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். அது வழவழவென்று அப்படியே இருந்தது.

"ஒரே டப்பா, ஒரே கை, ஒரே நேரம். மூக்கு நல்லாருக்கு, ஒடம்பு சுருங்கிருக்கு. அப்ப மூணாவதா ஒண்ணு பட்டிருக்கு."

குனிந்து தரையை முகர்ந்தீர்கள். கம்புக்குக் கீழே சிமெண்டுத் தரையில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. பிறகு என்னைக் கேட்டீர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குற்றவாளியைக் கேட்பதுபோலக் கேட்டீர்கள். நான் பள்ளியில் இருந்தேன் என்று சொன்னபிறகுதான் கீழே இறங்கினீர்கள். உங்கள் தம்பி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, மத்தியானம் மாடிக்குப் போனியா?"

"ஏன்?"

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லு."

டம்ளரை அவர் வைத்த வேகத்தில் காபி சிந்தியது. "என் வீட்டு மாடிக்கு நான் போறதுக்கு உன்கிட்டச் சொல்லணுமா? வந்து உக்காந்துக்கிட்டு என்னையவே சந்தேகப்படுறியா?"

நான் நடுவில் வரப்பார்த்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். குரலை உயர்த்தவில்லை. "நீ என்னையச் சந்தேகப்படல? வந்த நாள்லருந்து உன் பொண்டாட்டி காதுல என்னத்த ஓதிக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தெரியாதா? தோப்புல பங்கு கேக்க வந்திருக்கேன்னுதான நெனைக்கிற? எங்கிட்டக் கேளேன்டா. இப்பக் கேளு."

அவர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போது நான் பயந்ததுபோல் அதற்குமுன் பயந்ததில்லை. அக்காவும் தம்பியும் இன்றோடு முடிந்தார்கள் என்றே நினைத்தேன்.

"தோப்ப வச்சு நான் என்ன செய்யப்போறேன்? மாடி ரூமக் கேக்கத்தான் வந்தேன். சாகுற வரைக்கும் இருந்துக்கறேன்னு கேக்கணும். வாயில வரல. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிருவியோன்னு சந்தேகம்."

ஊரெல்லாம் கேள்வி கேட்ட உங்களுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் அத்தனை மாதமாக வாயில் வராமல் இருந்திருக்கிறது.

அவர் சிந்திய காபியைத் தன் துண்டாலேயே துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அப்புறம் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நாந்தான்க்கா அடிச்சேன். மங்கலா இருந்துச்சு. பிள்ளைக கொண்டுபோறது, பளபளன்னு இருக்கட்டுமேன்னு. வண்டி டேங்குக்கு அடிச்ச கிளியர் பெயிண்ட் டப்பால மிச்சம் கெடந்துச்சு, ஒடம்புக்கே சரியாப்போச்சு."

"லேக்கரு."

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன்."

நீங்கள் சிரிக்கவில்லை. "உப்புத்தாள் வாங்கிட்டு வா. நெறைய வாங்கு" என்றீர்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பெட்டியத் தொறந்து துணியெல்லாம் பீரோல வையி. ரூமு உன்னோடது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மூவரும் உட்கார்ந்து தேய்த்தோம். அரைகுறையாகக் காய்ந்த பெயிண்ட் உப்புத்தாளில் அப்பிக்கொண்டு இம்சை செய்தது. அட்டை தெரிந்தபிறகு, மெல்லிசாக ஒரு கோட்டுப் பிரைமர் மட்டும் அடித்தீர்கள். ஆரஞ்சு டப்பாவை நான் எடுத்ததும் பிடுங்கி வைத்தீர்கள். "இது காய நேரம் இல்ல. வானமும் மூடிட்டு நிக்குது. இப்படியே போகட்டும்."

சனிக்கிழமை காட்டில் மற்றப் பள்ளிகளின் ராக்கெட்டுகள் சிவப்பும் மஞ்சளுமாக மின்னின. எங்களுடையது ஆரஞ்சு மூக்கோடு, பூசி முடிக்காத சுவர்போல நின்றது. "டீச்சர், சிமெண்டுக் குழாய் மாதிரி இருக்கு" என்று என் பெண்கள் முகத்தைத் தூக்கினார்கள். நீங்கள் அவர்களைச் சமாதானம் செய்யவில்லை. பாராசூட் நூலை இழுத்துப் பார்த்தீர்கள். காற்று எந்தப் பக்கம் என்று புடவைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தீர்கள். ஏவுகிற பையன்களிடம் கேட்ட கேள்விகளில் அவர்கள் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார்கள்.

'சர்ர்' என்ற சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தபோது அது போய்விட்டிருந்தது. நேராகப் போனது. உச்சியில் 'டப்' என்று பாராசூட் விரிந்தது. காய்ந்த கடலைக் கொடிகளுக்கு நடுவே அந்தச் சாம்பல் நிறம் எங்கே விழுந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் தம்பிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, ஆரஞ்சு மூக்கை வைத்துக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினார். "அக்கா! உரியவே இல்லக்கா!" என்று கத்திக்கொண்டே வந்தார். நீங்கள் வாங்கி நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, "ம்" என்றீர்கள். என் பெண்கள் அதற்குள் உங்களைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மதினி, இவ்வளவையும் சந்தோஷமாகத்தான் எழுதிவந்தேன். ஆனால் உங்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதை உள்ளே வைத்திருந்தால் ஊறிப்போகும்.

அடுத்த வருடம் நீங்கள் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்ப்பதுபோல் நிற்பீர்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. உங்களிடம் கற்றபடி வாயைத் திறந்து கேட்கவும் செய்தேன்.

"என்ன மதினி, மூச்சு வாங்குது?"

"படி ஏறுனா வாங்காதா?"

"டாக்டர்ட்டப் போவமா?"

"போயிட்டு வந்துட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாரு."

நான் நம்பினேன். ஒரு காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்தபிறகு டாக்டரிடமே கேட்டேன். "அவங்க வரவே இல்லையே டீச்சர்" என்றார். ஊரில் ஒரு டப்பாவைக்கூட நம்பாதவர், எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று இந்தப் பொய்யைச் சொன்னீர்களா, பயந்தீர்களா? கேட்க ஆளில்லை. கேட்டதோடு விட்டால் போதாது, சுரண்டியும் பார்க்க வேண்டும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் உங்கள் தம்பி அரிசி மூட்டையை உள்ளே வைத்துவிட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன என்றேன். ஒண்ணுமில்ல என்றார்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும். சட்டையப் போடுங்க."

முனகிக்கொண்டே வந்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை, கூடவே உள்ளே போனேன். தலைசுற்றல் உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு உங்கள் தம்பி இல்லை என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போன மாசம் டிப்போல ஒரு தடவ..." என்று இழுத்தார். ரத்தக் கொதிப்பு ஏறித்தான் இருந்தது. ஈசிஜி எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்றார்கள். அந்த ஈசிஜியை நான் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டேன்.

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தேன். தேதியை, பெயரை, டாக்டர் எழுதின அளவை. கடைக்காரர் பொறுமையிழந்து, "எல்லாம் சரியாத்தாங்க இருக்கு" என்றார்.

உங்கள் தம்பி அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்லாப் பாத்துக் குடுங்கண்ணே. எங்க அக்கா வந்திருக்கு."