நற்சான்றில் ஒரு வரி

1968 பிப்ரவரி 11, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இன்று என் பேச்சு. எங்கள் பங்குக் குரு இன்னாசி சாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதனால் உபதேசியாராகிய எனக்கு வாராவாரம் கால்மணி நேரம் கிடைக்கிறது. "பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுப்பது இழப்பல்ல" என்று முழங்கினேன். நான்கு பெண்கள் அழுதார்கள். என் மைத்துனர் தூங்கினார்.

வாசலில் கருப்பி பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன் இதே பேச்சைப் பேசித்தான் அந்த விதவையின் ஒரே மகளைத் திருச்சி கன்னியர் மடத்துக்கு அனுப்ப வைத்தேன். இப்போது அந்தப் பெண் பீகார்ப் பக்கம் ஏதோ காட்டூரில் குஷ்டரோகிகளுக்குக் கட்டுப் போடுகிறாள்.

"உபதேசியாரே, ஒங்க முத்தழகும் மடத்துக்குப் போறாளாமுல்ல? எம்மகளுக்கு ஒரு தொணையாச்சு!"

பக்கத்துக் கண்டனூர்ச் செட்டியார் வீட்டில் எந்த ஆச்சி எந்த மருமகளோடு பேசுவதில்லை என்பது வரை எனக்கு அத்துப்படி. என் வீட்டுச் செய்தி எனக்கு வாசலில் கிடைக்கிறது.

பிப்ரவரி 12

கேட்டேன்.

"ஆமாப்பா. நீங்கதான ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை சொல்றீக" என்றாள் முத்தழகு. இருபது வயது. பிடிவாதம் அவள் அம்மா வழி.

அன்னக்கிளி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ஊரார் பிள்ளைக்குச் சொல்றப்ப தேவகோட்டை வரைக்கும் கேட்டுச்சு. இப்ப என்ன, தொண்டையில முள்ளா?" என்றாள்.

"கீரையில் ஏதடி முள்?" என்றேன். முத்தழகு சிரித்தாள். நாற்பத்தெட்டு வயதில் என் பகடிக்கு இந்த வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். அவளும் போய்விட்டால் நான் யாருக்குப் பேசுவது? அன்னக்கிளியின் முதுகுக்கா?

பிப்ரவரி 15

மடத்துக்குப் பங்குச் சாமியாரின் நற்சான்று வேண்டும். சாமியார் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். விரலைப் பிடித்து இடம் காட்டினால் கையெழுத்துப் போடுவார். வாசித்துக் காட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான்கு வருஷமாக அப்படித்தான்.

இன்று அவர் நான்கு வரி சொன்னார். நான் ஐந்து வரி எழுதினேன். "சிறு வயதில் இரண்டொரு முறை வலிப்பு கண்டதுண்டு, இனி வராது என்று நம்புகிறோம்."

அந்த 'நம்புகிறோம்' நல்ல வேலைப்பாடு என்று அப்போது நினைத்தேன்.

பிப்ரவரி 16

தபாலில் சேர்த்தாயிற்று. மத்தியானச் சோறு நன்றாகவே இறங்கியது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

மடத்திலிருந்து பதில் வந்தது: வலிப்பு கண்ட பெண்ணைச் சேர்த்துக்கொள்வதற்கில்லை. சாமியார் அறையில் நான்தான் வாசிக்க வேண்டும், பக்கத்திலேயே முத்தழகு. அந்த இடத்தைத் தாண்டிவிடப் பார்த்தேன். அவள் என் தோளுக்கு மேலே வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்பப்பா வலிப்பு வந்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் சாமியார் எழுந்துவிட்டார். "நான்தான் தாயி. வேற யாரையோ நெனச்சுக்கிட்டு ஒளறியிருக்கேன். கண்ணு போச்சு, புத்தியும் போயிருச்சு போல. ஒன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனே!"

எழுபத்திரண்டு வயது. வெயிலிலும் மழையிலும் சைக்கிளில் போய்ச் சாகக் கிடப்பவர்களுக்கெல்லாம் நற்கருணை கொடுத்தவர். ஒரு சின்னப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன்? கண்ணாடியைத் துடைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

பேசவில்லை. தொண்டைக் கட்டு என்றேன். அதுவும் பொய். கருப்பி சுக்குக் கசாயம் வைத்துக்கொண்டு வந்தாள்.

குடித்தேன்.

மார்ச் 12

சாமியார் கூப்பிட்டனுப்பினார். "பிஷப் ஆண்டவருக்கு ஒரு கடுதாசி. எழுதும்."

எழுதினேன். 'எனக்கு நினைவு தடுமாறுகிறது. என்னால் ஓர் ஆத்துமாவுக்குக் கேடு வந்துவிட்டது. பங்கை வேறு குருவிடம் ஒப்படைத்து, என்னை—' அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"எழுதியாச்சா?"

"இல்ல சாமி."

"மை இல்லையா?"

மை இருந்தது. சொல்லிவிட்டேன். ஐந்தாவது வரி என்னுடையது, நீங்கள் ஒன்றும் உளறவில்லை, எல்லாம் இந்தக் கை. ஒரு வேடிக்கை வார்த்தையாவது துணைக்கு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மூக்குதான் ஒழுகியது.

அடித்திருக்கலாம். மேசையைத் தடவி என் கையைத் தேடிப் பிடித்தார். பிறகு, "நல்லா இருக்குற புத்திய இல்லேன்னு நெனச்சு மூணு நாளா அழுதுக்கிட்டு இருந்தேனய்யா" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"அந்தத் தாளக் கிழியும். புதுசா ஒண்ணு எடும். மடத்துக்கு எழுதும். இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன், நீரே எழுதும். கையெழுத்தும் நீரே போடும். ஆனா மொதல்ல வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லும்."

அதே நாள், சாயந்தரம்

சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தவில்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கருப்பியக்கா மகளுக்கும் நீங்கதானப்பா நற்சான்று எழுதுனீக?"

"நான்தான் ஆத்தா."

"அதுல என்ன எழுதுனீக?"

"நல்லபடியாத்தான்."

"எம்புட்டு?"

"ஒன்றரைப் பக்கம்."

மூடியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 27

மடத்திலிருந்து பதில். டாக்டர் சர்டிபிகேட் அனுப்பினால் ஜூனில் சேர்த்துக்கொள்கிறார்களாம். என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

முத்தழகு என்னோடு பேசாமல் இல்லை. "தண்ணி காஞ்சிருச்சு." "சோறு எடுத்து வச்சிருக்கு." அவ்வளவுதான். சிரிப்பு மட்டும் இல்லை. நானும் பகடி பண்ணுவதில்லை. எந்த மூஞ்சியோடு பண்ணுவது?

கருப்பியிடமும் போய்ச் சொன்னேன். "பெத்தவுகளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு உபதேசியாரே. நீங்க பேசிக்கிட்டே இருந்தீக" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

திருச்சி வண்டி அரைமணி தாமதம். சாமியார் தட்டுத்தடுமாறி ஸ்டேஷனுக்கு வந்து ஆசீர்வாதம் கொடுத்தார். முத்தழகு அம்மா முன்னால் மண்டியிட்டாள். அன்னக்கிளி நெற்றியில் சிலுவை போட்டு, அப்படியே கட்டிக்கொண்டு விடவில்லை. நான் பெட்டியும் தண்ணீர்க் கூஜாவுமாகத் தூர நின்றேன். பெட்டி தூக்குகிற ஆள் முன்னால் மண்டியிட யாரும் வரமாட்டார்கள் பாருங்கள். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டேன்.

ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னப்பா, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் வரல ஆத்தா."

தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தாள். "அப்ப சிலுவை போடுங்க."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கம்பிக்கு இடையே விட்டேன். நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். குறுக்கே இழுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மீதியை அவளே போட்டுக்கொண்டாள்.