தீவிலும் குசினியா?

2006 ஜனவரி 14, சனி

கொல்லும் குளிர். ஜன்னலின் உள்பக்கமே பனி. புவாண்ட்-கிளேர் கிடங்கில் காலை வேலை, பஸ் வரவில்லை, கால்விரல் இருக்கிறதா தெரியவில்லை.

ஆனால் செய்தி! மார்ச் பள்ளி விடுமுறைக்கு நாலு பேரும் வெயில் காயும் குவாடலூப் தீவு. அப்பா சொல்லிவிட்டார். இந்த நாட்டுக்கு வந்து முதல் விடுமுறை. (டொரண்டோ கலியாண வீடுகள் சேர்த்தியில்லை.)

தங்கும் இடம்தான் பாக்கி:
- ஹோட்டல். சாப்பாடு அவர்களே. கையில் தங்குபவர் அடையாளத்துக்குப் பிளாஸ்டிக் பட்டி. சுற்றி வேலி, ஊர்க்காரருக்கு உள்ளே இடமில்லை.
- மீன்பிடிக் கிராமத்தில் வாடகை வீடு. குசினி உண்டு, சமையல் எங்கள் பாடு.

பெரியம்மா டொலார்டிலிருந்து போன். "வீடெடுங்கோ. அரிசியும் தூளும் கொண்டு போனா தங்கச்சி சமைச்சுத் தருவாள்தானே."

தங்கச்சி என்றால் அம்மா. சென்ட் லோரன்ட் மருந்து ஃபாக்டரியில் நாள் முழுக்க நின்று பெட்டி அடுக்கிவிட்டு வந்து எங்களுக்கும் சமைக்கிறவர். கடலைப் பார்த்துக்கொண்டு சமைத்தால் அது விடுமுறையாம். ஒரே கொதிப்பு.

வேலியும் பிடிக்கவில்லை. ஊர்க்காரர் தங்கள் கடற்கரைக்கே தட்டுக் கழுவத்தான் வரலாமா? ஆனாலும் என் வோட்டு ஹோட்டலுக்கு. அம்மா ஒரு கிழமை, ஏழு நாளும், அகப்பை தொடக்கூடாது.

ஜனவரி 15, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்து ஹோட்டல் புத்தகம். தம்பி யூட் ஒரு படத்தில் நின்றுவிட்டான்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ, முழு ஆடு வாட்டுறாங்கள்!"

"எவ்வளவும் சாப்பிடலாமோ?"

"ஓம், வயிறு வெடிக்கும்மட்டும்."

அப்பாவின் வோட்டும் விழுந்தது. நாளை புக் பண்ணுவது.

அம்மா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "மேசைக்குக் கொண்டுவந்து வைப்பினமோ?"

"ஓம் அம்மா."

சிரித்தார். சும்மா, தனக்குள்.

ஜனவரி 16, திங்கள்

நாசம். ஃப்ரிட்ஜ் கதவில் கோயில் கலண்டர். யூட் மார்ச்சைப் புரட்டினான். விபூதிப் புதன் முதலாம் திகதி! அன்று தொடங்கும் நாற்பது நாள் தவக்காலத்துக்குள் அப்படியே எங்கள் விடுமுறை. ஈஸ்டர் வரை இந்த வீட்டில் இறைச்சி கிடையாது, மீன் மட்டும். ஊரில், மன்னாரில், இருந்த நாள் தொட்டு இன்றுவரை ஒரு தவக்காலமும் பிசகாத அப்பா, ஆட்டுப் படத்தைக் கண்டதும் எல்லாம் மறந்தார். யூட் தரையில் உருண்டு சிரிப்பு.

அப்பா உடனே கட்சி மாறினார். "பேந்தென்ன, வீட்டையே எடுப்பம். உடன் பிடிச்ச மீன். அம்மா ஒரு குழம்பு வைச்சா..."

"அம்மா என்ன, நீங்கள் சூட்கேசில கொண்டு போற அடுப்போ?"

"பிள்ளை, அவ விருப்பத்தோடதான் சமைக்கிறவ. ஆரையும் கேட்டுப் பார்."

கதவை அடித்துச் சாத்தினேன். சத்தம் போதவில்லை. திரும்பவும் ஒருமுறை.

ஜனவரி 18, புதன்

பனிக் கொட்டல். பூட்ஸ் ஒழுகுகிறது, வாங்க வேணும்.

சாப்பாட்டு மேசையில் யூட் தொடங்கினான்: தவக்காலத்துக்கு யார் யார் எதை விடுவது? வழமைதான், ஆளுக்கொரு விருப்பமான சாமான். அப்பா பியர். யூட் கம்ப்யூட்டர் கேம். நான் எதிர்த்து வாய்க்காட்டுவதை (மற்ற மூவரின் தீர்ப்பு).

"அம்மா நீங்கள்?"

"நான் சமையலை விடுறன்."



"அதெப்பிடி?" அப்பா. "விருப்பமானதையெல்லோ விட வேணும்?"

"நான் விருப்பத்தோடதான் சமைக்கிறன் எண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறியள்."

எனக்குத் தண்ணீர் மூக்கால் வந்தது.

"வீட்டையே எடுங்கோ," என்றார் அம்மா, சாவதானமாக. "வேலிக்குள்ள இருக்க எனக்கும் மனமில்லை. மீனை நீங்கள் வாங்கி, நீங்களே வெட்டுங்கோ."

"அந்த ஒரு கிழமைதானே?" அப்பா.

"தவக்காலம் எத்தினை நாளப்பா?" அம்மா.

ஜனவரி 22, ஞாயிறு

யூட் தீவு வீட்டின் சொந்தக்காரியோடு போனில் பிரெஞ்சில் கதைத்தான். கடல் எவ்வளவு தூரம்? அடுப்படியில் நின்றாலே தெரியுமாம். "பாருங்கோ அப்பா, உங்களுக்குத்தான் நல்ல இடம்!" புக் பண்ணியாச்சு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நாலு நாளாக யாரோடும் சண்டையில்லை, புதுமை.

இப்போது அப்பாவின் ஒத்திகை. முதல் மீன் குழம்பு. புகை மணி அலறல், எல்லா ஜன்னலும் திறந்து, குசினிக்குள் பனி. யூட் தொப்பி போட்டுக்கொண்டு தேங்காய்ப் பால் தகர ரின்னைத் திறக்க மல்லுக்கட்டு. அம்மா போர்வைக்குள், சோபாவில் கால் நீட்டி, என் கறுப்புக் கண்ணாடியோடு.

"பிள்ளை, உள்ளுக்க நிக்கிற ஆளைக் கேள். மேசைக்குக் கொண்டுவந்து வைப்பினமோ?"

"வாறன், வாறன்!" அப்பா.